ஓட்டிப் பார்ப்பதற்கு முன்: பைதான் நிரலுக்கு நிலைப் பகுப்பாய்வும் எடிட்டர் உதவியும்

நிலைப் பகுப்பாய்வுக் கருவி நிரலை ஓட்டுவதில்லை. எழுதியிருப்பதைப் படித்தே பிழையைச் சொல்கிறது. பைதானுக்கு இந்த உதவி மற்ற பல மொழிகளைவிட அதிகம் தேவை. ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனாலும் அந்த வரி ஓடும்வரை பைதான் வாய் திறக்காது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்கு முடிப்புப் பகுதியில் அந்த வரி இருந்தால், பிழையும் மாதக் கடைசியில்தான் வெளிவரும். சி மொழிக்காக பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் 1978-இல் எழுதிய ‘லிண்ட்’ இவ்வகைக் கருவிகளின் முன்னோடி. இன்றைய லிண்டர்களின் பெயர் அதிலிருந்து வந்ததே.

இங்கே கட்டளைகளும் விதிக் குறியீடுகளும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. டெர்மினலிலும் அமைப்புக் கோப்புகளிலும் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

## எந்தக் கருவி எதற்கு

லிண்டர். பயன்படாத இறக்குமதி, வரையறுக்கப்படாத பெயர், தெரிந்தே ஆபத்தான எழுத்து முறைகள் ஆகியவற்றைப் பிடிப்பது. இந்த அத்தியாயம் ‘ரஃப்’ கருவியை எடுத்துக்கொள்கிறது. சார்லி மார்ஷ் 2022-இல் வெளியிட்ட இது ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. முன்பு ஃபிளேக்8, ஐசார்ட், பிளாக் என்று தனித்தனியாக நிறுவ வேண்டியிருந்த வேலைகளின் பெரும்பகுதியை இது ஒன்றே செய்துவிடும்.

வகைச் சரிபார்ப்பான். எண் வர வேண்டிய இடத்தில் சரம் வருகிறதா, ஒன்றுமே இல்லாத ‘நன்’ மதிப்பு வந்துவிடக்கூடுமா என்று பார்ப்பது. யூக்கா லேட்டோசாலோ தொடங்கிய ‘மைபை’, மைக்ரோசாஃப்ட்டின் ‘பைரைட்’ இரண்டும் பரவலானவை. 2025-இல் அறிமுகமான ‘டி-ஒய்’, ‘பைரிஃப்லை’ ஆகியவை வேகமானவை. ஆனால் முதன்முதலாக அமைப்பவர் பழைய இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதே நல்லது. பிழைச் செய்தி ஒன்று புரியாதபோது தேடினால் விளக்கம் கிடைப்பது அவற்றுக்குத்தான்.

எடிட்டர் உதவி. தட்டும்போதே பிழையைக் கோடிட்டுக் காட்டுவது, வரையறைக்குத் தாவுவது, பெயரை எல்லா இடத்திலும் மாற்றுவது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்’ வந்த பிறகு, ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக இந்த வசதிகளை எழுத வேண்டியதில்லை. மொழிக்கு ஒரு சர்வர் இருந்தால் விஎஸ் கோட், நியோவிம், ஈமேக்ஸ் எல்லாம் அதோடு பேசிக்கொள்ளும். ஒரு விதிவிலக்கு: விஎஸ் கோடில் வரும் ‘பைலான்ஸ்’ நீட்சியின் உரிமம் அதை மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளுக்குள் மட்டுமே அனுமதிக்கிறது. விஎஸ்கோடியம் போன்ற எடிட்டர் வைத்திருப்பவர்கள் பைரைட்டை நேரடியாக நிறுவ வேண்டும்.

## கை வைப்பதற்கு முன்

திருத்தம் செய்யும் கருவிகள் கோப்புகளை நேரடியாக மாற்றி எழுதுகின்றன. ஆகவே ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்துப் பார்த்து, கமிட் ஆகாத மாற்றம் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். கிட் இல்லாத திட்டமாக இருந்தால் கோப்புறையை அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்கவும்.

நிரலை ஓட்டாத கருவி என்பதால், எங்கிருந்தோ இறக்கிய திட்டத்தின் மீது தயங்காமல் ஏவலாம் என்று நினைப்பது தவறு. பைலிண்ட் என்ற இன்னொரு லிண்டரின் அமைப்புக் கோப்பில் ‘இனிட்-ஹுக்’ என்ற இடத்தில் எழுதியிருக்கும் பைதான் வரி, பைலிண்ட் தொடங்கும்போதே ஓடிவிடும். மைபையின் பிளகின்களும் ஓடும் நிரல்களே. அந்நியமான கோப்புறையைத் திறக்கும்போது அதன் ஆசிரியர்களை நம்புகிறீர்களா என்று விஎஸ் கோட் கேட்கும். அமைப்புக் கோப்புகளைப் படித்துப் பார்க்கும்வரை ‘இல்லை’ என்று சொல்லிக் கட்டுப்பாட்டு முறையிலேயே வைத்திருப்பது பாதுகாப்பு. நீட்சிகளை நிறுவும்போதும் பெயரை மட்டும் பார்க்காமல் வெளியிட்டவரையும் பார்க்கவும்: பைதான் நீட்சிக்கு மைக்ரோசாஃப்ட், ரஃப் நீட்சிக்கு அஸ்ட்ரல் சாஃப்ட்வேர்.

## நிறுவுதல்

1. திட்டக் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து ‘பைதான் -எம் வென்வ் .வென்வ்’ என்று கொடுக்கவும். திட்டத்துக்கு மட்டுமான தனிச் சூழல் உருவாகும்.
2. அதை இயக்கவும். லினக்ஸ், மேக் கணினிகளில் ‘சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்’; விண்டோஸில் ‘.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்’.
3. திட்டத்துக்குத் தேவையான நூலகங்களை முதலில் நிறுவவும்.
4. பிறகு ‘பிப் இன்ஸ்டால் ரஃப் மைபை’.
5. ‘.கிட்இக்னோர்’ கோப்பில் .வென்வ், .ரஃப்_கேஷ், .மைபை_கேஷ் மூன்றையும் சேர்க்கவும்.

அடிக்கடி நடக்கும் தவறு: மைபையைத் தனிச் சூழலுக்கு வெளியே, கணினிக்குப் பொதுவாக நிறுவுவது. அப்போது திட்டத்தின் நூலகங்கள் அதன் கண்ணில் படாது. நன்றாக ஓடும் நிரலில் வெளி நூலக இறக்குமதி வரிகளில் ‘கிடைக்கவில்லை’ என்று எரர் வரும். இப்படி வந்தால் நிரலைத் தொட வேண்டாம். மைபை எங்கிருந்து ஓடுகிறது என்று பார்த்தாலே போதும்.

## லிண்டரை முதன்முறை ஓட்டுதல்

1. ‘ரஃப் செக் --ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கொடுக்கவும். எந்த விதி எத்தனை இடத்தில் மீறப்பட்டது என்ற பட்டியல் வரும். நூற்றுக்கணக்கில் வந்தாலும் பெரும்பாலும் நாலைந்து விதிகளின் திரும்பத் திரும்ப வரும் மீறல்களாகவே இருக்கும்.
2. ‘எஃப்821’ இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். வரையறுக்கப்படாத பெயர் என்பது இதன் பொருள். பட்டியலில் இது ஒன்றிரண்டாக இருந்தாலும் நிஜமான பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். கையாலேயே திருத்தவும்.
3. அடுத்து ‘எஃப்841’: மதிப்பு கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி. அழிப்பதற்கு முன் ஏன் பயன்படவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தள்ளுபடித் தொகையைக் கணக்கிட்டு மாறியில் வைத்துவிட்டு, ரசீதில் பழைய தொகையையே அச்சிடும் நிரல்களை இந்த எச்சரிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.
4. மிச்சமிருப்பவற்றுக்கு ‘ரஃப் செக் --டிஃப்’ கொடுத்து, கருவி என்ன மாற்றப்போகிறது என்று படிக்கவும்.
5. சம்மதமென்றால் ‘ரஃப் செக் --ஃபிக்ஸ்’.
6. சோதனைகளை ஓட்டி, கமிட் செய்யவும்.

நான்காவது படியைத் தாண்டிப் போகும் பழக்கம் பரவலானது. அதில் இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது ‘எஃப்401’, பயன்படாத இறக்குமதி. ஜாங்கோ திட்டங்களில் ‘ரெடி’ என்ற மெத்தடுக்குள் சிக்னல் கோப்பை இறக்குமதி செய்வது வழக்கம். அந்தப் பெயரை யாரும் அதற்குப் பிறகு பயன்படுத்துவதில்லை. இறக்குமதி நடந்தாலே சிக்னல்கள் பதிவாகிவிடும். லிண்டருக்கு அது தெரியாது, வரியை அழித்துவிடும். நிரல் எந்த எரரும் இல்லாமல் ஓடும். பதிவு சேர்ந்ததும் போக வேண்டிய மின்னஞ்சல் மட்டும் போகாது. இத்தகைய வரியின் முடிவில் ‘# நோக்யூஏ: எஃப்401’ என்று குறிப்பெழுத வேண்டும். விதி எண் இல்லாமல் வெறும் ‘நோக்யூஏ’ எழுதினால் அந்த வரியில் நாளைக்கு வரும் வேறு எச்சரிக்கைகளும் சேர்ந்து அடங்கிவிடும்.

இரண்டாவது ‘ஈ711’. ‘நன்’ மதிப்போடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாமல் ‘இஸ்’ கொண்டு ஒப்பிடச் சொல்லும் விதி இது. சாதாரண பைதானில் சரியான அறிவுரை. தரவுத்தள நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமியில் எழுதிய வினவலில் அதே மாற்றம் நாசம் செய்யும். அங்கே இரட்டைச் சமக்குறி தரவுத்தளத்துக்கான நிபந்தனையாக மாற்றப்படுகிறது. ‘இஸ்’ அப்படி மாறாது. பைதானிலேயே ‘இல்லை’ என்று முடிந்துவிடும், வினவல் தவறான விடை தரும். இதனால்தான் ரஃப் இந்தத் திருத்தத்தைப் பாதுகாப்பற்றது என்று வகைப்படுத்தி, ‘--அன்சேஃப்-ஃபிக்ஸஸ்’ என்று தனியாகக் கேட்டால் மட்டுமே செய்கிறது. அந்தச் சொல்லைக் கட்டளையில் சேர்ப்பவர் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்ணால் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும்.

### விதிகளைக் கூட்டுதல்

ஆரம்பத்தில் ரஃப் சொற்ப விதிகளையே இயக்கி வைத்திருக்கும். ‘பைபிராஜெக்ட்.டாமல்’ கோப்பில் ரஃப் பகுதியின் ‘எக்ஸ்டெண்ட்-செலக்ட்’ பட்டியலில் மேலும் சேர்க்கலாம். முதலில் சேர்க்கத்தக்கது ‘பி’ தொகுதி. அதிலுள்ள பி006, ஃபங்ஷனின் முன்னிருப்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலை வைப்பதைப் பிடிக்கிறது. பைதான் அந்தப் பட்டியலை ஒரே ஒரு முறைதான் உருவாக்கும். வாங்கும் கூடைக்கு அப்படி எழுதினால் முதல் வாடிக்கையாளரின் பொருள்கள் இரண்டாம் வாடிக்கையாளரின் கூடையிலும் இருக்கும். அடுத்தது இறக்குமதிகளை வரிசைப்படுத்தும் ‘ஐ’. பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ‘எஸ்’ தொகுதி பயனுள்ளது. ஆனால் சோதனைக் கோப்புகளில் எழுதும் ஒவ்வொரு ‘அஸர்ட்’ வரிக்கும் அது எஸ்101 என்று கத்தும். ‘பெர்-ஃபைல்-இக்னோர்ஸ்’ பகுதியில் சோதனைக் கோப்புறைக்கு மட்டும் அதை விலக்கவும்.

‘ஆல்’ என்று எழுதி எல்லாவற்றையும் முதல் நாளே இயக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று முரண்படும் விதிகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. அதைவிட முக்கியமாக, ஆயிரம் எச்சரிக்கை வரும் திட்டத்தில் எஃப்821 வந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

### வடிவமைப்பு தனி கமிட்

‘ரஃப் ஃபார்மேட்’ கட்டளை இடைவெளி, மேற்கோள், வரி முறிவு ஆகியவற்றைச் சீராக்கும். வரிக்கு 88 எழுத்து என்பது அதன் முன்னிருப்பு. இதைப் பிழைத்திருத்தத்தோடு ஒரே கமிட்டில் கலந்தால், மாற்றிய இரண்டு வரி ஆயிரம் வரி இடைவெளி மாற்றத்துக்குள் மறைந்துபோகும். வடிவமைப்பைத் தனி கமிட்டாகச் செய்து, அந்த கமிட்டின் எண்ணை ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற கோப்பில் எழுதி, ‘பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ என்ற கிட் அமைப்பில் அந்தக் கோப்பைச் சுட்டவும். பிறகு ஒரு வரியை யார் எழுதினார்கள் என்று பார்க்கும்போது வடிவமைத்தவர் பெயர் குறுக்கே வராது.

## எடிட்டரை இணைத்தல்

1. விஎஸ் கோடில் பைதான் நீட்சியையும் ரஃப் நீட்சியையும் நிறுவவும்.
2. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘பைதான்: செலக்ட் இன்டர்பிரெட்டர்’ என்பதைத் தேர்ந்து, .வென்வ் கோப்புறையில் உள்ள பைதானைச் சுட்டவும். எடிட்டர் தொடர்பான குழப்பங்களில் பல இந்தப் படியைச் செய்யாததால் வருபவை.
3. பைதான் கோப்புகளுக்கான முன்னிருப்பு ஃபார்மேட்டராக ரஃப்பை வைத்து, ‘ஃபார்மேட் ஆன் சேவ்’ அமைப்பை இயக்கவும். பழைய பிளாக் நீட்சி இருந்தால் முடக்கவும்; இரண்டும் இருந்தால் எது வடிவமைத்தது என்றே தெரியாமல் போகும்.
4. பைலான்ஸின் ‘டைப் செக்கிங் மோட்’ வழக்கமாக அணைந்திருக்கும். அதை ‘பேசிக்’ நிலைக்கு மாற்றவும். ‘ஸ்ட்ரிக்ட்’ இப்போது வேண்டாம்.

கை பழக வேண்டிய விசைகள் சிலவே. எஃப்12 வரையறைக்குத் தாவும். ஷிஃப்ட்டுடன் எஃப்12 அந்தப் பெயர் பயன்படும் இடங்களைக் காட்டும். எஃப்8 அடுத்த பிழைக்குப் போகும். கன்ட்ரோலுடன் முற்றுப்புள்ளி, அந்த இடத்துக்கான திருத்த யோசனைகளைத் திறக்கும்.

எஃப்2 பெயர் மாற்றும். தேடி மாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே பெயருள்ள வேறு மாறியைத் தொடாது. ஆனால் சரத்துக்குள் இருக்கும் பெயர்களை இது அறியாது. ‘கெட்ஆட்டர்’ வழியாக எடுக்கும் பெயர்கள், எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டில் எழுதிய பெயர்கள் எல்லாம் பழையபடியே நிற்கும். எஃப்2-க்குப் பிறகு பழைய பெயரைத் திட்டம் முழுவதும் ஒருமுறை தேடிப் பார்ப்பது அவசியம்.

## வகைக் குறிப்புகள்: எங்கிருந்து தொடங்குவது

பைதான் 3.5 பதிப்பு 2015-இல் வகைக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தியது. ஓடும்போது பைதான் அவற்றைச் சரிபார்ப்பதில்லை; சரிபார்ப்பது மைபையின் வேலை.

புதியவரைத் திகைக்க வைக்கும் ஒரு நடத்தையை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. குறிப்பே இல்லாத ஃபங்ஷனின் உட்பகுதியை மைபை வழக்கமாகப் பார்ப்பதில்லை. குறிப்புகள் எதுவும் இல்லாத திட்டத்தில் மைபை ஓட்டினால் ‘பிரச்சினை இல்லை’ என்று பச்சை எழுத்தில் வரும். அது நற்சான்று அல்ல. ஃபங்ஷன்களின் உள்ளே கருவி எதையும் சரிபார்க்கவில்லை என்று பொருள். ‘செக்_அன்டைப்டு_டெஃப்ஸ்’ அமைப்பை இயக்கினால் சரிபார்க்கத் தொடங்கும். பைரைட் இவ்விஷயத்தில் வேறு. குறிப்பில்லாத ஃபங்ஷனையும் அது பார்க்கும்.

1. மற்ற கோப்புகள் அதிகம் அழைக்கும் ஃபங்ஷன்களை முதலில் எடுக்கவும். அவற்றின் உள்ளீட்டுக்கும் திருப்பித் தரும் மதிப்புக்கும் மட்டும் குறிப்பு எழுதவும். உள்ளே இருக்கும் மாறிகளின் வகையைக் கருவி பெரும்பாலும் தானே ஊகித்துக்கொள்ளும்.
2. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்றால் அதை மறைக்காமல் எழுதவும். பைதான் 3.10 முதல் ‘இன்ட்’, செங்குத்துக் கோடு, ‘நன்’ என்று வரிசையாக எழுதினால் போதும்.
3. ‘மைபை’ கட்டளையை அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஓட்டவும்.
4. ஒரு மாறியின் வகையைக் கருவி என்னவென்று எண்ணுகிறது என்பதில் ஐயமிருந்தால், ‘ரிவீல்_டைப்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் அந்த மாறியைப் போட்டு மீண்டும் ஓட்டவும். விடை தெரிந்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது படியின் பலன் உடனே தெரியும். வாடிக்கையாளர் தந்த தொலைபேசி எண்ணை ‘ரீ.மேட்ச்’ கொண்டு பிரித்து, அடுத்த வரியிலேயே ‘.குரூப்’ என்று எடுப்பது வழக்கமான எழுத்து. எண் பொருந்தாவிட்டால் ரீ.மேட்ச் தருவது ‘நன்’. அதில் குரூப் கிடையாது; நிரல் நின்றுவிடும். எழுதியவர் சோதித்ததெல்லாம் ஒழுங்கான எண்கள் என்பதால் இது தெரியாமலே போயிருக்கும். மைபை இங்கே ‘யூனியன்-ஆட்டர்’ என்ற குறியீட்டோடு பிழை காட்டும். இதற்குச் சரியான பதில், பொருந்தாதபோது என்ன செய்வது என்று முடிவெடுத்து ஒரு ‘இஃப்’ எழுதுவது. ‘# டைப்: இக்னோர்’ போட்டு வாயை அடைப்பது பிழையை அப்படியே வைத்துக்கொண்டு அறிவிப்பை மட்டும் அணைப்பதாகும்.

இன்னொரு ஓட்டை ‘எனி’. ‘ஜேசன்.லோட்’ திருப்பித் தருவது இந்த வகைதான். எனி மதிப்பை எதனோடும் கூட்டலாம், எதையும் அதிலிருந்து எடுக்கலாம், மைபை ஆட்சேபிக்காது. அது தொட்ட இடமெல்லாம் சரிபார்ப்பு ஓய்ந்துவிடும். வெளியிலிருந்து தரவு நுழையும் இடத்திலேயே அதை டேட்டாகிளாஸாகவோ பைடான்டிக் மாடலாகவோ மாற்றிவிட்டால் எனி உள்ளே பரவாது.

வகைக் குறிப்பே இல்லாத வெளி நூலகத்துக்கு எரர் வரும்போது ‘இக்னோர்_மிஸ்ஸிங்_இம்போர்ட்ஸ்’ அமைப்பைத் திட்டம் முழுவதற்கும் போட்டுவிடும் வழக்கமும் தவிர்க்கத்தக்கது. பெயர் தப்பாக எழுதிய இறக்குமதியும் அதில் மறைந்துவிடும். அந்த நூலகத்துக்கு மட்டும் ‘ஓவர்ரைட்ஸ்’ பகுதியில் எழுதவும்.

## பழைய திட்டமாக இருந்தால்

ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நிரலை ஒரே மூச்சில் சுத்தம் செய்ய முயல்பவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். ‘ரஃப் செக் --ஆட்-நோக்யூஏ’ கட்டளை இப்போதிருக்கும் மீறல்கள் எல்லாவற்றுக்கும் விதி எண்ணோடு விலக்குக் குறிப்பு எழுதிவிடும். அன்றிலிருந்து புதிதாக வரும் மீறல்கள் மட்டும் தெரியும். பழையவற்றை அந்தந்தக் கோப்பைத் திறக்க நேரும்போது தீர்க்கலாம். இந்தக் கட்டளைக்கு முன் எஃப்821 பிழைகளைக் கட்டாயம் திருத்தியிருக்க வேண்டும். இல்லையேல் நிஜப் பிழைகளும் விலக்குப் பெற்றுவிடும். மைபைக்கு, ‘வார்ன்_அன்யூஸ்டு_இக்னோர்ஸ்’ அமைப்பை இயக்கி வைத்தால் தேவையற்றுப்போன விலக்குகளை அது காட்டும்.

## கமிட்டுக்கு முன் ஒரு காவல்

1. ‘பிப் இன்ஸ்டால் பிரீ-கமிட்’.
2. ‘.பிரீ-கமிட்-கான்ஃபிக்.யாமல்’ கோப்பில் ரஃப்பின் இரண்டு வேலைகளையும் எழுதவும். பதிப்பு எண்ணைத் துல்லியமாகக் குறிக்கவும்.
3. ‘பிரீ-கமிட் இன்ஸ்டால்’ கொடுக்கவும். திட்டத்தை நகலெடுக்கும் ஒவ்வொருவரும் தம் கணினியில் இதைச் செய்ய வேண்டும்.

‘--நோ-வெரிஃபை’ சேர்த்து கமிட் செய்தால் இந்தக் காவலைத் தாண்டிவிடலாம். ஆகவே அதே சோதனைகள் கமிட்டுகள் வந்து சேரும் பொதுச் சர்வரிலும் ஓட வேண்டும். மைபையை அங்கே வைப்பதே பொருத்தம். பெரிய திட்டத்தில் கமிட் தோறும் காத்திருக்க வைத்தால் எல்லோரும் நோ-வெரிஃபை பழகிவிடுவார்கள். பதிப்பு எண்ணைக் குறிக்காமல் விட்டால், கருவியின் புதிய பதிப்பு வந்த நாளில் யாரும் எதையும் மாற்றாமலே சோதனை தோற்கும். பதிப்பு உயர்த்துவதையும் தனி கமிட்டாகவே செய்யவும்.

## தமிழ்ப் பெயர்கள் இருக்கும் நிரல்

பைதான் 3 தமிழ் எழுத்துகளில் மாறிப் பெயர் வைக்க அனுமதிக்கிறது. வகுப்பறை நிரல்களில் இது வசதி. ஆனால் பைலிண்ட் ‘சி2401’ என்று எச்சரிக்கும். தெரிந்தே வைத்த பெயர் என்றால் அந்த விதியை விலக்கவும்.

கவனிக்க வேண்டியது வேறு. ‘கொ’ என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மாறிப் பெயர்களைப் பைதான் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொண்டுதான் படிக்கிறது. அங்கே சிக்கல் இல்லை. மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களுக்கு அந்த மாற்றம் கிடையாது. அகராதியில் ‘கொத்தமல்லி’ என்ற சாவி இருந்தும், வேறொரு விசைப்பலகையில் தட்டிய ‘கொத்தமல்லி’யால் தேடினால் கிடைக்காமல் போகலாம். ரஃப்பும் மைபையும் இரண்டையும் சரியான சரங்களாகவே பார்க்கும். வெளியிலிருந்து தமிழ் உரை நுழையும் இடத்தில் ‘யூனிகோட்டேட்டா’ நூலகத்தின் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனைக் கொண்டு ‘என்எஃப்சி’ வடிவுக்கு மாற்றி, இரண்டு வடிவிலும் எழுதிய சரங்களை வைத்து ஒரு சோதனையும் எழுதி வைக்க வேண்டும்.